நெகிழி மறுசுழற்சி: சான்றிதழ் யாருக்கு, உழைப்பு யாருடையது?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஒன்றிய அரசும் 2022 ஜூலை 1 முதல் இத்தகைய சில பொருட்களை நாடு முழுவதும் தடை செய்தது. தடைக்கு வெளியே பெருகிவரும் நெகிழிக்கு அரசுகள் முன்வைக்கும் தீர்வு மறுசுழற்சி. அது யாருடைய உழைப்பில் நடக்கிறது, அதன் பலன் யாரைச் சேர்கிறது என்பது சாதி குறித்த கேள்வியும் ஆகும்.

மறுசுழற்சி ஆலையில் தொடங்குவதில்லை. தரம் பிரிப்பதில் தொடங்குகிறது. தண்ணீர்ப் புட்டி 'பெட்' வகை நெகிழி. பால் உறை பாலிஎத்திலீன். வீட்டுக் குழாய் பிவிசி. இவற்றின் உருகும் வெப்பநிலையும் வேதித்தன்மையும் வெவ்வேறானவை. பெட் நெகிழியுடன் சிறிதளவு பிவிசி கலந்து உருகினாலும் அதன் தரம் கெட்டுவிடும். சிப்ஸ், ஷாம்பு உறைகளில் பல அடுக்குகள் ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம். காயலான் கடையில் அவற்றுக்கு விலையும் இல்லை. எனவே அவை குப்பைமேட்டிலோ சிமெண்ட் ஆலையின் உலையிலோ முடிகின்றன. உலகின் நெகிழிக் கழிவில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி ஆவதாக ஓஇசிடி அமைப்பு 2022இல் தெரிவித்தது.

அந்தச் சிறு பங்கும் இந்தியாவில் சாத்தியமாவது பெருமளவு குப்பை சேகரிப்போரால்தான். தொட்டும் கசக்கியும் நெகிழியின் வகையை அறியும் திறன் அவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள், பெண்கள் கணிசமானோர். அவர்கள் கையிலிருந்து காயலான் கடை, மொத்த வியாபாரி, ஆலை எனப் பொருள் கைமாறும் ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது. ஊசி, உடைந்த கண்ணாடி, நச்சுப்புகை ஆகியவற்றின் ஆபத்தோ முதல் படியில் இருப்பவர்மீதே குவிகிறது.

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' குறித்த விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, நெகிழி உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு மறுசுழற்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழை விலைக்கு வாங்கியும் அக்கணக்கை நிறைவு செய்யலாம். அந்த விலையில் சேகரித்தவருக்குப் பங்கு தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. குப்பையைத் தொடாமலேயே காகிதம் மட்டும் விற்பனையானது என்பதே இதன் பொருள்.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. சூழலைச் சீரமைக்கும் செலவோடு, பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடும் மாசுபடுத்தியவரின் கடமை என்பது அதன் சாரம். நீட்டிக்கப்பட்ட பொறுப்பின் வேரும் இக்கோட்பாடே. ஆனால் சூழலைச் சீரமைப்பவரும் மாசின் பாதிப்பைச் சுமப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில், அவருக்கு எதுவும் சேர்வதில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை சேகரிப்போரின் அமைப்புகளை அங்கீகரித்து, வீடுவீடாகக் குப்பை பெறும் பணியில் அவர்களை இணைப்பதை உள்ளாட்சிகளின் கடமையாக்கின. இது நடைமுறைக்கு ஒவ்வாதது அன்று. புனேயில் 1993இல் சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிப்போர், 2008இல் 'ஸ்வச்' கூட்டுறவின் வழியாக மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அங்கே வேலையும் கழிவின்மீதான உரிமையும் உழைப்பவர் கையில் வந்தன. மாறாக, எரிஉலைத் திட்டங்கள் விற்கத்தக்க காகிதத்தையும் நெகிழியையும் விழுங்கி, வாழ்வாதாரத்தைப் பறித்து, நச்சுக்காற்றை ஏழைக் குடியிருப்புகளுக்கு விட்டுச்செல்லும். சென்னை கொடுங்கையூர் மக்கள் எரிஉலையை எதிர்ப்பதன் நியாயம் இதுவே.

குப்பைப் பணியை ஒரு சமூகத்தின் நிரந்தர விதியாக்குவது நம் நோக்கமன்று. இன்று உழைப்போருக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும், அவர்தம் பிள்ளைகளுக்கு வேறு தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஒருசேர வேண்டும். சான்றிதழ் விலையில் ஒரு பங்கு சேகரிப்போருக்கு எனச் சட்டம் வரையறுக்க வேண்டும். மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளின் உற்பத்தியே குறைய வேண்டும்.

மாணவர்கள் உடனே தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. உங்கள் நகராட்சியில் எத்தனை குப்பை சேகரிப்போருக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டுள்ளது, எத்தனை பேர் பணியில் இணைக்கப்பட்டுள்ளனர் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வரும் பதில் எதுவாயினும், அதுவே அடுத்தகட்டப் போராட்டத்தின் முதல் ஆவணம்.