மேகக் கணிமை வளங்களுக்கான தானியங்கு ஆளுகைக் கொள்கைகள்: உத்திரமேரூர் வட்டார நீர் ஆளுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடிப் படிமங்கள், கல்வெட்டுப் படிகள், மொழித் தரவகங்கள் ஆகியவற்றை மேகக் கணிமைச் சேவைகளில் சேமிக்கும் போக்கு ஆய்வு நிறுவனங்களில் வளர்ந்துவருகிறது. அவ்வளங்களை யார், எங்கே, எவ்வளவு, எக்காலம் வரை பயன்படுத்தலாம் என்பதை மென்பொருளே கண்காணித்து நடைமுறைப்படுத்தும் விதித்தொகுப்பு, தானியங்கு ஆளுகைக் கொள்கை எனப்படுகிறது. அதன் உறுப்புகளையும் இயங்குமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஏரியின் கலங்கல் அமைப்போடும் உத்திரமேரூர்க் கல்வெட்டு விதிகளோடும் ஒப்பிட்டு, விதியைத் தானே இயங்கச் செய்வது மட்டும் ஆளுகை ஆகாது என்பதையும், விலக்கு, காலவரை, கணக்கு, திருத்தம் ஆகிய நான்கும் விதியோடு சேர்த்து எழுதப்பட வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, தானியங்கு கொள்கை, உத்திரமேரூர், குடவோலை, ஏரி வாரியம், கலங்கல், தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே அமைந்த ஐயங்கார்குளம், நீர்நிலையையே பெயராகக் கொண்ட ஊர். சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டிய பெருங்குளமும், சித்திரைப் பௌர்ணமியில் காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருளும் நடவாவிக் கிணறும் அவ்வூரின் அடையாளங்கள். நடவாவியின் அடியிலுள்ள மண்டபம் நீரில் மூழ்கியிருக்கும். விழாவிற்கு முன் நீர் இறைக்கப்படும். விழா முடிந்தபின் மீண்டும் நீர் ஊறி நிறையும். ஒரு பொது வளத்தை எப்பொழுது, எதற்காக, எவ்வளவு காலம் மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதற்கு அங்கு மரபுவழி ஒழுங்கு ஒன்று உண்டு.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் ஊர் ஆளுகையின் ஒழுங்கு கல்லிலேயே எழுதப்பட்டது. அவ்வூரின் ஏரி, பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வயிரமேகத் தடாகம் என வழங்கப்பட்டது. அதைத் தூர்வாருவதற்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. இன்று மேகம் என்னும் சொல் வேறொரு பொது வளத்திற்கும் பெயராகியுள்ளது. இந்திய அரசின் மேகக் கணிமைத் திட்டத்தின் பெயரும் 'மேகராஜ்' என்பதேயாகும். பெயரொற்றுமை தற்செயலானது. ஆயினும், பலர் பகிரும் வளத்தைச் சிலர் பொறுப்பில் விட்டு, அவர்களை விதியால் கட்டுப்படுத்துவது எவ்வாறு என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது.

1. கோப்பு இருந்த இடத்தில் விதி

அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வரையறை, மேகக் கணிமைக்கு ஐந்து இன்றியமையாப் பண்புகளைக் கூறுகிறது. அவை: வேண்டும்போது தாமே பெற்றுக்கொள்ளல், வலைவழி அணுகல், வளங்களைப் பொதுத்தொகுப்பாக வைத்தல், விரைந்து விரிதலும் சுருங்கலும், அளந்து கணக்கிடல். இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் சேரும் இடத்தில்தான் ஆளுகைச் சிக்கல் தோன்றுகிறது.

முன்னர் ஒரு துறை சர்வர் வாங்க வேண்டுமாயின், விலைப்புள்ளி, கொள்முதல் கோப்பு, நிதி ஒப்புதல், இருப்புப் பதிவேடு எனப் பல படிகள் இருந்தன. அந்நடைமுறை மெதுவானது எனினும், அதுவே ஒரு கட்டுப்பாடாகவும் செயற்பட்டது. மேகக் கணிமையில் அனுமதி பெற்ற எவரும் சில நிமிடங்களில் ஓர் இயந்திரத்தை உருவாக்கலாம். உருவான நொடி முதல் கட்டணம் ஏறத் தொடங்கும். கோப்பு மறைந்துவிட்டது, கோப்பு செய்த காவல் பணியும் அதனோடு மறைந்துவிட்டது. அக்காவலை மீண்டும் நிறுவுவதே தானியங்கு கொள்கையின் நோக்கம்.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டுதல் வேண்டும். முதன்மைச் சேவைகளில் வரவுசெலவு எச்சரிக்கை அமைப்பது செலவை நிறுத்துவதாகாது. குறித்த தொகை எட்டப்பட்டதும் மின்னஞ்சல் வரும். இயந்திரம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கையைத் தொடர்ந்து செயல் ஒன்று நிகழவேண்டுமாயின், அதற்கெனத் தனியே விதி எழுதப்பட வேண்டும்.

2. கலங்கலும் மதகும்

ஏரியில் இருவகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. மதகு மனிதரால் இயக்கப்படுவது. பாசன விவசாயிகளின் முடிவுப்படி நீர்க்கட்டி அதைத் திறந்து மூடுவார். கலங்கல் தானே இயங்குவது. அதன் கற்கட்டு மட்டத்திற்கு மேல் நீர் உயர்ந்தால், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் மிகைநீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். நள்ளிரவு மழையில் கரையைக் காப்பது கலங்கலே. ஆனால் எந்த வயலுக்கு முதலில் நீர் என்பதைக் கலங்கலால் தீர்மானிக்க இயலாது.

மேகக் கணிமை ஆளுகையிலும் இப்பகுப்பு பொருந்தும். அமேசான் வெப் சர்வீசஸ் வழங்கும் சேவைக் கட்டுப்பாட்டுக் கொள்கை எவருக்கும் எந்த உரிமையையும் அளிப்பதில்லை. அளிக்கத்தக்க உரிமையின் மேல் எல்லையை மட்டுமே வரையறுக்கிறது. இது கலங்கலின் பணி. அவ்வெல்லைக்குள் யாருக்கு எதைத் தருவது என்பது அனுமதி மேலாண்மையின் பணி. அது மதகுக்கு ஒப்பானது. இரண்டையும் ஒன்றெனக் கருதினால், ஒன்று அனைத்தும் மறுக்கப்படும். அன்றி அனைத்தும் திறந்து கிடக்கும்.

மேற்சொன்ன கொள்கை, நிறுவனத்தின் தலைமைக் கணக்கைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதும் கருதத்தக்கது. ஆகவே தலைமைக் கணக்கில் அன்றாடப் பணிகளை வைக்காமல், ஆளுகைக்கு மட்டும் அதனை ஒதுக்குதல் முறையாகும்.

3. கொள்கையின் உறுப்புகள்

மைக்ரோசாஃப்ட் அஸூரின் கொள்கைச் சேவையைச் சான்றாகக் கொண்டால், ஒரு கொள்கையில் நான்கு உறுப்புகளைக் காணலாம். முதலாவது நிபந்தனை: 'வளத்தின் இருப்பிடம் இந்தியாவிற்கு வெளியே எனில்' என்பது போன்றது. இரண்டாவது விளைவு: நிபந்தனை பொருந்தும்போது நிகழ வேண்டியது. மூன்றாவது செயற்பரப்பு: முழு நிறுவனமா, ஒரு துறையா, ஒரு திட்டமா என்பது. நான்காவது விலக்கு: காரணத்தோடும், வேண்டுமாயின் முடிவு நாளோடும், குறிப்பிட்ட வளத்திற்கு அளிக்கப்படும் தளர்வு.

விளைவுகள் பலவகை. தணிக்கை என்பது மீறலைப் பதிவுமட்டும் செய்யும். மறுப்பு, மீறும் வளம் உருவாகாமல் தடுக்கும். மாற்றம், விடுபட்ட குறிச்சொல் போன்றவற்றைத் தானே சேர்க்கும். இல்லாவிடில் நிறுவுதல் என்பது, பதிவேடு முதலிய துணை அமைப்பு இல்லாதபோது அதனை அமைக்கும். மறுப்பு விதி புதிதாக உருவாகும் அல்லது மாற்றப்படும் வளங்களையே தடுக்கும். முன்னரே உள்ளவை இணங்காதவை எனப் பட்டியலில் இடம்பெறுமேயன்றி அழிக்கப்படுவதில்லை. எனவே, எந்தக் கொள்கையையும் முதலில் தணிக்கை நிலையில் இயக்கி, யார் யார் பாதிக்கப்படுவர் என்பதை அறிந்தபின் மறுப்பு நிலைக்கு மாற்றுவது ஏற்ற முறை.

ஒரே நிறுவனத்தின் சேவையைச் சாராத திறமூலக் கருவிகளும் உள்ளன. கேபிடல் ஒன் வங்கியில் உருவாகி 2016-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட கிளவுட் கஸ்டோடியன், பல சேவைகளிலும் ஒரே வடிவில் விதி எழுத உதவுகிறது. ஓபன் பாலிசி ஏஜென்ட் என்னும் கருவி, முடிவெடுக்கும் விதியைப் பயன்பாட்டு நிரலிலிருந்து பிரித்து வைக்கிறது. இவ்வாறு விதி, நிரல் வடிவில் எழுதப்படும்போது, யார், எப்பொழுது, எந்த வரியை மாற்றினார் என்னும் வரலாறும் உடன் பேணப்படுகிறது.

குறிச்சொற்கள் பற்றித் தனியே கூறவேண்டும். உரிமையாளர், திட்டம், முடிவு நாள் ஆகியவற்றைக் குறிச்சொல்லாகக் கட்டாயமாக்குதல் பரவலான முதல் விதி. ஒரே துறையின் பெயர் ஓரிடத்தில் ஒற்று மிகுந்தும் மற்றோரிடத்தில் மிகாமலும் எழுதப்பட்டால், வாசகர் இரண்டையும் ஒன்றாகவே படிப்பர். கணினிக்கு அவை இரு வேறு துறைகள். ஆகவே குறிச்சொல் இருக்கிறதா என்பதோடு, ஏற்கப்பட்ட பெயர்ப்பட்டியலில் அது உள்ளதா என்பதையும் விதி சோதிக்க வேண்டும்.

4. உத்திரமேரூர் விதிகள்: 919, 921

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை வகுக்கின்றன. இக்காலக் கொள்கைக்குரிய உறுப்புகள் பலவும் அவற்றில் உள்ளன.

தகுதி நிபந்தனைகள் எண்ணால் அறுதியிடப்பட்டன: கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு. விலக்கும் எழுதப்பட்டது: அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும், ஒரு வேதத்திலும் ஒரு பாடியத்திலும் வல்லவராயின் அவர் பெயரும் ஓலையில் இடம்பெறலாம். காலவரை உண்டு: பதவி 360 நாள்கள், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் தகுதியற்றவர். கணக்கும் உண்டு: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர இயலாது.

நடைமுறையும் ஐயத்திற்கு இடமின்றி வகுக்கப்பட்டது. 30 குடும்புகளிலிருந்தும் வந்த பெயரோலைகள் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுத்தான். மத்தியத்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதனைப் பெற்றுப் படித்தான். அங்கிருந்த நம்பிமாரும் படித்தனர். விரித்த உள்ளங்கை, மறைப்பதற்கு இடமில்லாத பதிவேடு.

இரு கல்வெட்டுகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு அனைத்தினும் முதன்மையானது. முதற் கல்வெட்டில் 30-க்கு மேல் 60-க்குள் என இருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள் என மாறியது. தகுதியின்மைப் பட்டியலும் விரிந்தது. கல்லில் வெட்டிய விதியே இரண்டாண்டுகளில் திருத்தப்பட்டது எனில், நிரலில் எழுதிய விதி திருத்தமின்றி நெடுங்காலம் இயங்குவது பெருமைக்குரியதன்று.

இவ்விதிகளின் குறையையும் மறைத்தல் ஆகாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம்; அதன் சபை நிலமுடைய பிராமணர் சபை. ஏரி நீரால் வாழ்ந்த உழுகுடிகளின் பெயர்கள் குடத்திற்குள் இடப்படவே இல்லை. குலுக்கல் நேர்மையாக நடந்தது. யாருடைய பெயர் உள்ளே செல்லலாம் என்பது அதற்கு முன்னரே முடிவாகிவிட்டது. தானியங்கு விதியின் நடுநிலைமையை மதிப்பிடுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இயந்திரம் அனைவரையும் ஒன்றாகவே நடத்தும். ஆயின் எவரை நினைத்து அவ்விதி எழுதப்பட்டது என்பது இயந்திரத்திற்கு வெளியே உள்ள வினா.

5. வெற்றிடமாக விடப்பட்ட ஒரு கட்டம்

2024 மே மாதத்தில், 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் இணையச் சேவைகள் பல நாள்கள் முடங்கின. கூகுள் கிளவுட் வெளியிட்ட விளக்கத்தின்படி, யூனிசூப்பருக்கான தனி மேகத்தை அமைக்கும்போது அந்நிறுவனப் பணியாளர் பயன்படுத்திய உள்ளகக் கருவியில் ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டது. கருவி அதனை ஓராண்டுக் காலவரை எனத் தானே எடுத்துக்கொண்டது. ஓராண்டு முடிந்ததும் அத்தனி மேகம் தானாக நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் கேட்டுக்கொண்ட நீக்கம் அன்று என்பதால் முன்னறிவிப்பும் செல்லவில்லை. வேறொரு சேவையாளரிடம் வைத்திருந்த காப்புப்படிகள் உள்ளிட்ட காப்புகளே மீட்புக்கு உதவின.

இங்கு விதி பிழையாக இயங்கவில்லை, எழுதப்பட்டபடியே இயங்கியது. காலவரை முடியும்போது உடையவருக்கு அறிவிக்க வேண்டும், அழித்தலுக்கு முன் ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்னும் இரண்டும் விதியில் இல்லை. மதகு இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல் கட்டப்பட்டதன் விளைவு இது.

6. ஆய்வுத் துறைக்கான கொள்கை வரைவு

சுவடிகளை எண்ணிமப்படுத்தும் பல்கலைக்கழகத் துறை ஒன்றிற்குப் பின்வரும் விதிகள் தொடக்கமாக அமையலாம்.

அ) இருப்பிடம்: தரவு இந்திய மையங்களில் மட்டும். இந்தியாவில் மும்பை, சென்னை, ஐதராபாத் முதலிய இடங்களில் வெவ்வேறு சேவையாளரின் மையங்கள் உள்ளன. விளைவு: மறுப்பு.

ஆ) பொது அணுகல்: சேமிப்பிடம் எதுவும் இயல்பு நிலையில் பொதுவெளிக்குத் திறந்திருத்தல் ஆகாது. விளைவு: மறுப்பு, வெளியிடப்பட்ட நூலகத் தொகுப்புகளுக்குக் காரணத்தோடு விலக்கு.

இ) கணிப்பு இயந்திரங்கள்: எழுத்துணரி, மொழிமாதிரிப் பயிற்சி ஆகியவற்றிற்கான உயர்விலை இயந்திரங்களுக்கு முடிவு நாள் கட்டாயம். அந்நாளில் இயந்திரம் நிறுத்தப்படலாம். அதனோடு இணைந்த வட்டுகள் அழிக்கப்படலாகாது.

ஈ) பதிவேடு: 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறைகள், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் பேணுமாறு பணிக்கின்றன. பதிவு வசதி இல்லாத வளத்திற்கு அதனை விதியே நிறுவ வேண்டும்.

உ) மூலப் படிமங்கள்: எக்காலத்தும் தானாக அழித்தல் இல்லை. நெடுநாள் திறக்கப்படாதவை மலிவான ஆழ்சேமிப்பிற்கு மாறலாம். அழித்தலுக்கு இருவர் ஒப்புதலும் வேறிடத்தில் ஒரு படியும் வேண்டும்.

இறுதி விதி சுவடியியலுக்குச் சிறப்பாக உரியது. இயந்திரத்தை மீண்டும் உருவாக்கலாம். படிமம் எடுத்தபின் ஏடு சிதைந்துவிட்டால், படிமமே மூலம். அதனை இழப்பது செலவுக் கணக்கில் அடங்காத இழப்பு.

விதியால் மறுக்கப்படும் ஆய்வாளர், ஏன் மறுக்கப்பட்டார், யாரை அணுக வேண்டும் என்பதை அறியும் வகையில் மறுப்புச் செய்தி தமிழில் எழுதப்பட வேண்டும். அளித்த விலக்குகளின் பட்டியல் துறைக்கூட்டத்தில் ஆண்டுதோறும் படிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

தானியங்கு கொள்கை, கோப்புகள் செய்துவந்த காவலை நிரலுக்கு மாற்றுகிறது. அளவு, இருப்பிடம், அணுகல் போன்றவற்றிற்குக் கலங்கல் போலத் தானே இயங்கும் விதி ஏற்றது. அழித்தல், முன்னுரிமை, விலக்கு ஆகியவை மதகு போல மனிதப் பொறுப்பில் நிற்க வேண்டியவை. உத்திரமேரூர் விதிகளில் விலக்கு, காலவரை, கணக்கு, திருத்தம் ஆகிய நான்கும் உள்ளன. யாருடைய ஓலை குடத்திற்குள் இடப்படவில்லை என்னும் ஐந்தாவது வினா அவற்றில் எழுப்பப்படவில்லை. ஆய்வு நிறுவனங்கள் தம் கொள்கைகளை வகுக்கும்போது முன்னைய நான்கையும் பின்பற்றி, அவ்வைந்தாவது வினாவையும் சேர்த்துக்கொள்ளுதல் கடமையாகும்.