சொத்தைக் கடலை எங்கே போகிறது?

கடலைச் செடியைப் பிடுங்குகிற வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நாகரசம்பட்டி பக்கத்து விவசாயிக்கு இரண்டு கவலைகள். ஈரத்தில் காய் முளைத்துவிடும். முளைக்காதது கறுத்துப்போய் விலை போகாது. மூன்றாவது கேடு ஒன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காயாத ஓட்டுக்குள் பூஞ்சணம் புகுந்து, பருப்பில் நஞ்சைச் சுரந்து வைக்கிறது. அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரிக் கொல்லைகளில் ஆனி, ஆடியில் விதைத்த நிலக்கடலை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். தென்மேற்குப் பருவமழையின் கடைசியும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் சந்திக்கிற காலம் அது. ஆகஸ்டில் மழை பொய்த்துச் செடி வாடினால் பூஞ்சைக்கு வாசல் திறக்கிறது. அக்டோபரில் மழை விடாமல் பெய்தால் அது உள்ளே குடியேறுகிறது.

பிடுங்கிய கடலை பல வழியாகப் பிரிந்து போகிறது. திரட்சியான பருப்பு போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும், காவேரிப்பட்டணத்து நிப்பட்டுக்கும், விதைக்கும் போகும். சுருங்கியது, உடைந்தது, கறுத்தது, சொத்தை ஆகியவற்றைக் கழித்து ஒதுக்குவார்கள். ஆனால் ஒதுக்கியதை யாரும் எறிவதில்லை. குறைந்த விலைக்கு எண்ணெய் ஆட்டப் போகும். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கு வரும். மனிதர் தின்னாததை மாட்டுக்குப் போடுவது நம் ஊரில் சிக்கனம், ஒருவகையில் நல்ல பழக்கமும்கூட. இந்த ஒரு நஞ்சின் விஷயத்தில் மட்டும் அந்தச் சிக்கனம் நம்மையே திருப்பித் தாக்குகிறது.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்த நஞ்சு

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. எந்தக் கிருமியும் அகப்படாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். தீவனத்தைத் துருவிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சை. அது சுரந்த நஞ்சைப் பிரித்தெடுத்துப் புற ஊதா ஒளியில் வைத்தபோது சில சேர்மங்கள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிர்ந்தன. நீலமாக ஒளிர்ந்தவை பி வகை, பச்சையாக ஒளிர்ந்தவை ஜி வகை. இவற்றில் மிகக் கொடியது பி1. பசுவின் உடலில் இது உருமாறிப் பாலில் இறங்கும்போது எம்1.

பி1 நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரல்தான் தன்னை அறியாமல் அதைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது. நஞ்சுகளைக் கரைத்து வெளியேற்றுவதற்காக உள்ள நொதிகள் பி1ஐ மாற்றும்போது துடிப்பான ஓர் இடைநிலைப் பொருள் உருவாகிறது. அது மரபணுவில் உள்ள குவானைன் மீது ஒட்டிக்கொண்டு எழுத்துப் பிழையை உண்டாக்குகிறது. புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் இந்தப் பிழை விழுந்தால் கல்லீரல் புற்றுக்கு வழி திறக்கிறது. அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. ஹெபடைடிஸ் பி தொற்றும் உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு பெருகும். பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அந்த வகையில் பூஞ்சண நஞ்சுக்கு எதிரான பாதுகாப்பும்தான்.

இது வெளிநாட்டு வான்கோழிகளோடு முடிந்த கதையல்ல. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் 200க்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சரியாகக் காயவைக்காமல் சேமித்து, அதையே ரொட்டியாகத் தின்ற பழங்குடிக் குடும்பங்களையே நோய் தாக்கியது. 397 பேர் பாதிக்கப்பட்டதாகவும் அவர்களில் 106 பேர் இறந்ததாகவும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் நோயில் விழுந்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில், மைசூரில் நடந்ததை 1971இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு சொல்கிறது. சத்துக் குறைவால் நலிந்த குழந்தைகளுக்குப் புரதம் சேர்ப்பதற்காகக் கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் கிலோவுக்குச் சுமார் 300 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழந்தைகளிடம் கல்லீரல் இழைநார் நோய் தலைகாட்டியது. இன்று இந்தியாவில் தானியத்திலும் எண்ணெய் வித்துகளிலும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் அனுமதி.

நஞ்சு சுரக்கும் பூஞ்சை இது ஒன்றுதான் என்பதில்லை. வரகில் வளரும் பூஞ்சை சுரப்பது சைக்ளோபியசோனிக் அமிலம். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகுக் கொல்லையில் மேய்ந்த 10 யானைகள் இறந்தபோது ஆய்வில் தென்பட்டது அதுதான். 1933 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் வண்ணாத்திப்பாறைக் காப்புக்காட்டில் வரகு தின்று 14 யானைகள் இறந்ததை ஆர். சி. மோரிஸ் என்பவர் அப்போதே எழுதிவைத்திருக்கிறார். வரகு கெட்ட தானியம் என்று இதற்குப் பொருள் அல்ல. நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகுதான் கெட்டது.

பாலில் ஒரு கணக்கு

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. யூரியா, சோப்புத்தூள் கலப்படம்தான் பெரும் ஆபத்து என்று நினைத்தவர்களுக்கு அதில் ஓர் அதிர்ச்சி. கலப்படத்தைக் காட்டிலும் பெரிதாகத் தெரிந்தது அஃப்ளாடாக்சின் எம்1. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அது வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. யாரும் பாலில் நஞ்சைக் கலக்கவில்லை. மாடு தின்றதுதான் மடியில் இறங்கியிருக்கிறது.

எப்படி இறங்குகிறது என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கறவை மாடு நாளைக்கு 2 கிலோ கடலைப் புண்ணாக்கு தின்கிறது. அந்தப் புண்ணாக்கில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் பி1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 400 மைக்ரோகிராம். அதில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் எம்1 ஆகப் பாலுக்கு வரும். நன்றாகக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூடப் போகலாம். 2 சதவீதம் என்றால் 8 மைக்ரோகிராம். மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. இந்தியாவில் அனுமதி 0.5. ஐரோப்பாவில் 0.05.

இன்னொரு கணக்கும் போடுவோம். மாட்டுத் தீவனத்தில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவுக்குள் இருக்கும் தீவனம் 5 கிலோ போட்டால், அதே 10 லிட்டர் கறவையில் லிட்டருக்கு 0.2தான் வரும். நம் வரம்புக்குள் பால் நிற்கும். தீவன மூட்டையைக் கட்டுப்படுத்தினால் பால் தானாகவே கட்டுக்குள் வந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பாலைக் காய்ச்சினால் போய்விடாதா? போகாது. அஃப்ளாடாக்சின் சிதைவதற்கு 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். நம் அடுப்பில் பால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். பாக்கெட் பாலின் பதப்படுத்தலிலும் இது அசையாது. தயிராக்கினாலும் பால்கோவாவாகக் கிண்டினாலும் கூடவே வரும். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பாலில் எம்1 மறைந்துவிடும். மாட்டை விற்கவேண்டியதில்லை, மூட்டையை மாற்றினால் போதும்.

எண்ணெயையும் கவனிக்க வேண்டும். பிழியும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கோடு போய்விடும் என்றாலும், சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் தங்கும். சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும் கட்டத்தில் அது நீங்கிவிடும். செக்கில் அந்தக் கட்டமே இல்லை. அதற்காகச் செக்கெண்ணெயை ஒதுக்கவேண்டியதில்லை. செக்கில் என்ன கடலை போட்டு ஆட்டுகிறார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும். பருப்பைக் கண்ணெதிரே காட்டி ஆட்டிக்கொடுப்பவரிடம் வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

களத்தில் தப்பினால் தப்பியதுதான்

சமையலறையில் தடுக்க முடியாததைக் களத்தில் தடுக்கலாம். செடி பூத்துக் காய்ப் பிடிக்கும் சமயத்தில், 40-45ஆம் நாள் வாக்கில், எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். சுண்ணாம்புச் சத்து ஏறினால் ஓடு கெட்டிப்படும். பூஞ்சை நுழைவது கடினமாகும். கடைசி ஒரு மாதத்தில் ஒரே ஒரு தண்ணீர் கொடுக்க வசதி இருந்தாலும் வறட்சித் தாக்குதல் குறையும். களைக்கொத்தால் காயைக் காயப்படுத்தாமல் இருப்பதும், முற்றியதும் காலம் தாழ்த்தாமல் பிடுங்குவதும் அதே அளவு முக்கியம்.

பிடுங்கிய செடியைக் குவியலாகப் போட்டால் உள்ளே புழுக்கம் ஏறும். காய் மேலே, கொடி கீழே இருக்கும்படி திருப்பி வைத்தால் காற்றும் வெயிலும் படும். பிறகு மண் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்ப வேண்டும். பருப்பில் ஈரம் 7 அல்லது 8 சதவீதத்துக்கு இறங்கினால் பூஞ்சை படுத்துவிடும். ஈரமானி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: காயைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிந்து வர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு வாளித் தண்ணீர் கெடுத்துவிடும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கவென்று ஓட்டின் மீது தண்ணீர் தெளிக்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நனைந்த காயை மூட்டை கட்டி இரண்டு நாள் வைத்தாலே போதும், பூஞ்சை எழுந்து உட்கார்ந்துவிடும்.

சோதனைக்கும் ஒரு சிக்கல் உண்டு. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் கொட்டிக் கிடக்கும். ஒரே ஒரு பருப்பில் கிலோவுக்குப் 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்று 10,000 நல்ல பருப்புகளோடு சேர்ந்தாலும் மொத்தச் சராசரி 100 மைக்ரோகிராம் ஆகிவிடும். மூட்டையின் மேலே ஒரு கை அள்ளிச் சோதித்தால் அந்த ஒன்று அகப்படாமலே போகலாம். பல இடங்களில் குத்தூசி போட்டு எடுத்து, அரைத்துக் கலந்து சோதிக்க வேண்டும். இதன் மறுபக்கம் நமக்குச் சாதகம்: நஞ்சு சில பருப்புகளில் குவிந்திருப்பதால், கையால் பொறுக்கிக் கழித்தாலே பெரும்பங்கு வெளியேறிவிடும். வீட்டில் கடலை தின்னும்போது கசக்கிற ஒன்றை விழுங்காமல் துப்புவதும் இதே தத்துவம்தான்.

மாட்டுத் தீவனத்தில் பென்டோனைட் களிமண் சேர்த்தால் குடலிலேயே நஞ்சைப் பிடித்து வைத்து, சாணத்தோடு வெளியேற்றும். பெரிய தீவன ஆலைகள் இதைச் செய்கின்றன. ஆப்பிரிக்காவில் நஞ்சு சுரக்காத ஆஸ்பெர்ஜில்லஸ் இரகங்களை வயலில் தூவி, கெட்ட பூஞ்சைக்கு இடமில்லாமல் செய்கிறார்கள். ஐதராபாத்தின் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் குறைந்த செலவில் நஞ்சை அளக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்தில் தீவனத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

காயவைத்தவருக்கு நஷ்டம்

வழி தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? 15 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோ கடலையை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 92.4 கிலோவாகிவிடும். கிலோ கணக்கில் ஒரே விலை என்றால், பொறுப்பாகக் காயவைத்தவர் ஏழரை கிலோ காசை இழக்கிறார். தார்ப்பாய்ச் செலவும் ஆள்கூலியும் தனி. ஈரக் காயோடு வந்தவருக்கு லாபம். வியாபாரி காயைக் குலுக்கிப் பார்த்து, “ஈரமா இருக்குதுங்ணா” என்று அடித்துப் பேசுவது உண்மைதான். அந்தப் பேரத்தில் காய்ந்த காய்க்குக் கூடுதல் விலை என்பது பெரும்பாலும் எழுவதே இல்லை.

சொத்தைக்கும் இதே நிலைமைதான். எண்ணெய் ஆட்டுபவர் அதற்கும் ஒரு விலை தருகிறார். அதை எருவாக்கினாலோ சாண எரிவாயுக் கலனில் போட்டாலோ விவசாயிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அறிவுரையை மட்டும் நம்பினால் சொத்தை மறுபடியும் தொட்டிக்குத்தான் வரும்.

ஆகவே மூன்று இடங்களில் காசு கைமாற வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானி வைத்து, காய்ந்த கடலைக்குக் கூடுதல் விலை தர வேண்டும். பால் சங்கங்கள் கொழுப்பு அளப்பதுபோல, தாங்கள் விநியோகிக்கும் புண்ணாக்கையும் தீவனத்தையும் மூட்டை இறங்கும்போதே சோதித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். கழித்த சொத்தையை எருவுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உள்ளாட்சி அமைப்புகள் செய்ய வேண்டும். பால் கணக்கில் பார்த்ததுபோல, நஞ்சு ஒரு மூட்டையில் இருக்கும்போது பிடிப்பது எளிது. நூறு வீட்டுப் பாலில் கலந்த பிறகு பிடிக்க முடியாது. சொத்தைக்கு மாட்டுத் தொட்டியைத் தவிர வேறொரு விலை கிடைக்கச் செய்வதுதான் இந்தச் சிக்கலில் மலிவான மருந்து.