சான்றிதழ் காக்கும் வாயில்

இணையவழி வங்கிக் கணக்கைத் திறக்கக் கடவுச்சொல்லை இடுகிறோம். மறுமுனையில் இருப்பது வங்கியின் சேவையகம்தான் என்பதற்கு என்ன உறுதி? வந்திருப்பவர் உரிய பயனர்தாம் என்பதைச் சேவையகம் எவ்வாறு அறியும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருவது மின்னணுச் சான்றிதழ்.

1976ஆம் ஆண்டு விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத் திறவுகோல் என்னும் கருத்தை வெளியிட்டனர். இம்முறையில் ஒருவருக்கு இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று எவரும் அறியத்தக்க பொதுத் திறவுகோல். மற்றொன்று உரியவர் மட்டுமே காக்கும் தனித் திறவுகோல். தனித் திறவுகோலால் இட்ட மின்னொப்பத்தைப் பொதுத் திறவுகோலால் சரிபார்க்கலாம். 'இப்பொதுத் திறவுகோல் இன்னாருக்கு உரியது' எனச் சான்றளிப்பு நிறுவனம் ஒப்பமிட்டு வழங்குவதே சான்றிதழ். அதன் அமைப்பை 1988இல் வெளிவந்த எக்ஸ்.509 என்னும் தரநிலை வரையறுத்தது.

ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் சேவையகத்தில் இதனை நிறுவும் முறையைக் காண்போம். முதலில், ஜாவாவுடன் வரும் 'கீடூல்' என்னும் கருவியால் திறவுகோல் இணை உருவாக்கப்பட்டுத் திறவுகோல் பெட்டகத்தில் வைக்கப்படும். அடுத்து, பொதுத் திறவுகோலைக் கொண்ட விண்ணப்பம் சான்றளிப்பு நிறுவனத்திற்கு அனுப்பப்படும். தனித் திறவுகோல் பெட்டகத்தை விட்டு வெளியேறுவதில்லை. நிறுவனம் அளிக்கும் சான்றிதழைப் பெட்டகத்தில் சேர்த்து, அப்பெட்டகத்தின் இருப்பிடத்தைச் சேவையகத்தின் அமைவுக் கோப்பில் குறிக்க வேண்டும்.

பயனரிடமும் சான்றிதழ் கேட்கலாம். அதற்கு, எந்த நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ்களை ஏற்பது என்பதை நம்பகப் பெட்டகத்தில் பதிவு செய்ய வேண்டும். பயனரின் கணினி தன் தனித் திறவுகோலால் ஒப்பமிட்டுக் காட்டும். சேவையகம் அதனைச் சரிபார்க்கும். கடவுச்சொல்லைப் போல இங்கு மறைபொருள் எதுவும் வலையில் பயணிப்பதில்லை. ஆகவே, வழியில் களவாடவும் இயலாது.

எனினும், இம்முறை முழுவதும் சான்றளிப்பவரின் நேர்மையையும் விழிப்பையும் சார்ந்தது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தின் கணினிகளுள் ஊடுருவியோர் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். கூகுள் பெயரிலான போலிச் சான்றிதழால் ஈரானியப் பயனர்களின் இணையத் தொடர்பு இடைமறிக்கப்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தின் மீதான நம்பிக்கையை விலக்கின; அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது நொடித்துப்போனது.

பூட்டு எத்துணை வலியதாயினும், திறவுகோலைக் காப்பவர் அயர்ந்தால் வாயில் திறந்துவிடும். தொழில்நுட்பம் அறிவோர் மறவாது போற்ற வேண்டிய உண்மை இது.