இரட்டைச் சூலும் பணி விடுப்பும்

ஒரே சூலில் தோன்றிய இருவரில் ஒவ்வொருவரையும் அரபு மொழியில் 'தவ்அம்' என்பர்; இருவரையும் சேர்த்துக் குறிக்க 'தவ்அமான்' எனும் இருமை வடிவம் உண்டு. ஃபிக்ஹு அறிஞர்கள் இச்சொல்லுக்குத் திட்டமான வரையறை தந்துள்ளனர்: ஆறு மாதத்திற்குக் குறைந்த இடைவெளியில் ஒரே தாய் ஈன்ற இருவர். நிஃபாஸ் எனும் பேறுகால உதிரப்போக்கு முதற்குழந்தையிலிருந்து கணக்கிடப்படுமா, இரண்டாவதிலிருந்தா என்பதில் இமாம் அபூஹனீஃபாவும் அவர்தம் மாணவர் இமாம் முஹம்மதும் வேறுபட்டனர். இத்தா எப்போது முடிகிறது, பிறவாத சிசுவுக்காக வாரிசுச் சொத்தில் எத்தனை பேருக்கான பங்கை ஒதுக்கிவைப்பது என்பன போன்ற வினாக்களும் அந்நூல்களில் விரிவாக அலசப்பட்டுள்ளன. ஆனால், இன்று நம் பெண்கள் கேட்கும் ஒரு வினா அவற்றில் இல்லை; இருக்கவும் வழியில்லை. பள்ளியிலோ வங்கியிலோ தொழிற்சாலையிலோ பணியாற்றும் ஒரு பெண், வயிற்றில் இரு சிசுக்கள் இருப்பதை ஸ்கேன் காட்டிய பின், எந்த நாளோடு பணியை நிறுத்த வேண்டும்?

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் எழும் வினாவன்று. உலக அளவில் 1980களில் ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ 9 ஆக இருந்த இரட்டைப் பேறு, இப்போது 12 ஆகியுள்ளது. பிறக்கும் குழந்தைகளில் 42இல் ஒன்று இரட்டையருள் ஒன்று என 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கருத்தரிப்புச் சிகிச்சைகள் பரவியதும், பெண்கள் சற்று வயது கூடிய பின் கருவுறுவதும் இதற்கான காரணங்களில் முதன்மையானவை. படித்துப் பணிக்குச் செல்லும் பெண்களிடையே இவ்விரண்டும் மிகுதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வினாவுக்கு நம் குடும்பங்களில் இரு விடைகள் கிடைக்கின்றன. "இன்றே வேலையை விட்டுவிட்டுப் படுக்கையில் இரு" என்பது ஒன்று. "நாங்களெல்லாம் வலி கண்ட நாள் வரை உழைத்தவர்கள்தாமே" என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தினின்றும் பின்னது பழக்கத்தினின்றும் பிறக்கின்றன. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவையே எனினும், இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

படுக்கை ஓய்வை முதலில் நோக்குவோம். இரட்டைக் கருவுற்றோரை மருத்துவமனையில் சேர்த்துப் படுக்கவைத்தால் குறைமாதப் பேறு தவிர்க்கப்படும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதித்த ஆய்வுகளுள் ஸிம்பாப்வேயின் ஹராரே நகரில் நடந்து 1985இல் வெளியானது குறிப்பிடத்தக்கது. படுக்கவைத்ததால் குறைமாதப் பேறு குறையவில்லை. பின்னர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் அதே முடிவுக்கே வந்தனர். மாறாக, நெடுநாள் அசையாது படுத்திருத்தல் கால் நரம்புகளில் இரத்தம் உறைவதற்கு இடந்தருகிறது, தசைகளும் தளர்கின்றன. எனவே, சிக்கல் ஏதுமில்லாத பெண்ணை மூன்றாம் மாதத்திலேயே கட்டிலோடு பிணைப்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. அவள் பணியைத் தொடரலாம்.

மற்ற விடையின் பிழை நாட்காட்டியில் இருக்கிறது. மருத்துவமனை அட்டையில் எழுதப்படும் பேறு நாள், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களை எண்ணிக் குறிக்கப்படுவது. அது ஒற்றைக் கருவுக்கான கணக்கு. இரட்டைச் சூலில் பாதிக்கும் மேற்பட்டவை 37 வாரம் நிறைவதற்கு முன்பே பேறாகின்றன. சராசரி 35, 36 வாரங்களை ஒட்டியே அமைகிறது. தானாக வலி எடுக்காவிடினும், இரு சிசுக்களுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால் 37ஆம் வாரத்திலும், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து தனித்தனிப் பனிக்குடத்தில் இருந்தால் 36ஆம் வாரத்திலும் பேற்றை நிகழ்த்திவிடுவதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் பரிந்துரை. பனிக்குடமும் ஒன்றே எனில் 32 முதல் 34 வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஆக, அட்டையில் உள்ள நாள் இவர்களைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ வராத நாள். அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி "இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது" என்று சொல்லும் பெண்ணுக்கு உண்மையில் ஒரு மாதமே எஞ்சியிருக்கக்கூடும்.

இங்கே ஃபிக்ஹு நூல்களின் ஒரு நுட்பம் நமக்குத் துணை செய்கிறது. கருவுற்ற பெண் தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சினால் ரமளான் நோன்பை ஒத்திவைக்கலாம் என்பது யாவரும் அறிந்த சலுகை. எத்தகைய அச்சம்? வெறும் மனக்கற்பனை போதாது. திண்ணமான உறுதியும் வேண்டப்படுவதில்லை. தீங்கு நேரும் என்ற வலுவான எண்ணம் வேண்டும். ஹனஃபி நூல்கள் அவ்வெண்ணம் பிறக்கும் வழிகளாக மூன்றைச் சொல்கின்றன: உடலில் தோன்றும் அடையாளம், அனுபவம், திறன் வாய்ந்த மருத்துவரின் சொல். அனுபவம் பிறருடையதாக இருந்தாலும் ஏற்கத்தக்கதே என்று கூறும் அறிஞர்கள், நோய் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இடுகின்றனர். சிறிய நிபந்தனைதான், ஆனால், நம் வினாவின் முடிச்சு அதில்தான் அவிழ்கிறது. ஐந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பெற்றெடுத்த மாமியின் அனுபவம் மதிப்பிற்குரியது. எனினும் இரட்டைச் சூலுற்ற மருமகளுக்கு அது சான்றாகாது. நிலை ஒன்றன்று. இரட்டையரைப் பெற்ற உறவுக்காரப் பெண்ணின் அனுபவமும்கூட, நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறுபடுமாயின் சான்றாகாது.

ஏன் நஞ்சுக்கொடிக்கு இத்துணை முதன்மை? தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள சிசுக்கள் ஒன்றையொன்று சாராமல் வளர்கின்றன. நான்கு வாரத்திற்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பது பொதுவாகப் போதும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் சிசுக்களிடையே இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. இவ்வகையில் 100க்கு 10 முதல் 15 சூல்களில் ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்கு அளவு மீறிச் சென்று இரண்டையுமே ஆபத்துக்குள்ளாக்குகிறது. ஆகவே 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்திற்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. எவ்வகை என்பதை 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகக் காண இயலும். காலம் கடந்தால் பிரித்தறிவது கடினம். "இரட்டை" என்ற ஒரு சொல்லோடு மகிழ்ந்து வீடு திரும்பிவிடாமல், "நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?" என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குவது இம்முடிவின் முதற்படி.

அடுத்தது பணியின் தன்மை. 'வேலை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அளக்க முடியாது. மேசையில் அமர்ந்து கணக்கெழுதுபவரும், நாளெல்லாம் கரும்பலகை முன் நின்று மாடிப்படிகளில் ஏறி இறங்கும் ஆசிரியையும், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் இருப்பவரும் ஒரே நாளில் பணியை நிறுத்த வேண்டியவர்கள் அல்லர். நீண்ட நேரம் நிற்றல், பாரம் தூக்குதல், இரவுப்பணி ஆகியவற்றுக்கும் குறைமாதப் பேற்றுக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டுள்ளது. பெருந்தொடர்பு என்று மிகைப்படுத்துவதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே சுமை கூடிய உடலுக்கு அதுவும் கூடுதல். அலுவலகப் பணி இலகுவாயினும், நெரிசல் மிக்க பேருந்தில் ஒரு மணி நேரம் நின்றபடி செல்ல வேண்டுமெனில் அந்தப் பயணத்தையும் பணியாகவே கொள்ள வேண்டும். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் சகோதரிகளின் நிலை தனி. அவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று எவரும் இரங்குவதில்லை. மணிக்கணக்கில் காலை மடக்கி அமர்வதும், புகையிலையைக் கையாள்வதும் கருவுற்ற நாள் முதலே தவிர்க்க வேண்டியவை. அவர்களுக்கு 'எப்போது நிறுத்துவது' என்ற வினாவின் விடை 'இப்போதே' என்பதுதான். அதற்கு அவர்களின் வறுமை இடங்கொடாது என்பதையும் நாம் அறிவோம். தமிழக அரசின் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி போன்ற திட்டங்களில் முன்கூட்டியே பதிவு செய்யவாவது மஹல்லா ஜமாஅத்துகள் உதவலாம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் காண்போம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் 26 வார விடுப்பு வழங்கப்பட்டது. அதில் 8 வாரத்திற்கு மேல் பேற்றுக்கு முன் எடுக்க இயலாது. இவ்விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்று, அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது, அளவு மாறவில்லை. இரட்டைக் குழந்தைகள் என்பதற்காக 26 வாரம் கூடுவதுமில்லை. பிரான்சு நாட்டில் ஒற்றைக் கருவுக்கு 16 வாரமும், இரட்டைக்கு 34 வாரமும் என்று சட்டமே வேறுபடுத்துகிறது. அந்த 34இல் 12 வாரம் பேற்றுக்கு முன்னருக்கு உரியது. நம் சட்டமியற்றியோர் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

நம் சட்டத்தின் 8 வாரமும் அட்டையிலுள்ள அந்த வராத நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. அதாவது விடுப்பு 32ஆம் வாரத்தில் தொடங்கும். பேறு 36ஆம் வாரத்தில் நிகழுமாயின், முன்னதாக அவள் பெற்ற ஓய்வு 4 வாரம். குழந்தைகளோடு இருக்க எஞ்சுவது 22 வாரம். வலி வரும் வரை பணியாற்றியிருந்தால் 26 வாரமும் பின்னருக்குக் கிடைத்திருக்கும். ஆக, இருவேறு முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 4 வாரம்தான். அந்த நான்கு வாரத்தைச் சேமிக்கவே பல பெண்கள் மூச்சு வாங்க வாங்கப் பணிக்குச் செல்கின்றனர். அவர்களது கணக்கை நாம் எள்ளி நகையாடவில்லை. இரு குறைமாதக் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே சில வாரங்களைக் கழிக்க நேர்ந்தால், அவ்வாரங்களும் இதே விடுப்பிலிருந்தே கழியும் அல்லவா! எனினும், கருவுற்றிருத்தலாலோ குறைமாதப் பேற்றாலோ நேரும் நோய்க்கென மருத்துவச் சான்றின் பேரில் மேலும் ஒரு மாதம் ஊதியத்துடன் விடுப்பு எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது என்பதைப் பலர் அறியார். இரத்த சோகையோ இரத்த அழுத்தமோ தோன்றி, 28ஆம் வாரத்தில் நிறுத்துமாறு மருத்துவர் சொன்னால், அந்த ஒரு மாதத்தை முதலில் எடுத்து, 32ஆம் வாரத்தில் மகப்பேறு விடுப்பைத் தொடங்கலாம். பின்னருக்குரிய வாரங்கள் குறையா. கடின வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது என்று கோரும் உரிமையும் ஏறத்தாழ 30ஆம் வாரத்திலிருந்து உண்டு. இரட்டைச் சூலுக்கு அது காலந்தாழ்ந்த உரிமை. முன்னரே கேட்பதை எவரும் தடுக்கவில்லை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதமாக உயர்த்தப்பட்டுவிட்டதால் அவர்களுக்கு இந்நெருக்கடி குறைவு.

மேற்கண்ட யாவற்றையும் சேர்த்து நோக்கின் நம் கருத்து இது: தனித்தனி நஞ்சுக்கொடி, சிக்கலற்ற உடல்நிலை, அமர்ந்து செய்யும் பணி எனில் 32ஆம் வாரம் வரை தொடரலாம். நின்று செய்யும் பணியோ நெடும்பயணமோ இருந்தால் 28ஆம் வாரத்தை ஒட்டி நிறுத்துவது நலம். நஞ்சுக்கொடி ஒன்றே எனில் நாளைக் குறிக்காமல், ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பின்னும் மருத்துவர் சொல்வதையே நாளாகக் கொள்ள வேண்டும். 20ஆம் வாரத்திலேயே ஒரு நாளை முடிவு செய்து அலுவலகத்திற்குத் தெரிவித்துவிடலாம். அந்நாள் முன்னுக்கு வரலாமேயன்றிப் பின்னுக்குத் தள்ளப்படலாகாது. ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, உதிரப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுதல், வயிறு திடீரெனப் பெருத்தல், சிசுக்களின் அசைவு குறைதல் ஆகியன தோன்றின் விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமன்று அது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டுக் கடன் தவணைக்காக "இன்னும் ஒரு மாதம் போய்வா" என்று சொல்லும் கணவர்களும் உளர். மனைவி செல்வந்தராயினும் அவளைப் பராமரிக்கும் கடமை கணவனுக்குரியது என்பதை மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் ஐயத்திற்கிடமின்றிச் சொல்லியிருக்க, அவளது ஊதியத்தை முன்னிறுத்தி அவளது உடலின் மீது முடிவெடுக்க அவருக்கு ஏது உரிமை? அதுபோன்றே, நம் சமுதாயம் நடத்தும் மகளிர் அரபுக் கல்லூரிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் மகப்பேறு விடுப்புக்கு எழுத்து வடிவில் விதி இல்லாத நிலை பரவலாக உள்ளது. விடுப்புக் கேட்கும் ஆசிரியைக்கு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை தரப்படுகிறது. அடுத்த ஆண்டு அவ்விடத்தில் வேறொருவர் இருக்கிறார். ஃபிக்ஹு பாடத்தில் கருவுற்றவளின் சலுகைகளைக் கற்பிக்கும் ஆசிரியைக்கே இந்நிலை என்பது எவ்வளவு முரண்!

விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது கருதத்தக்க சில செய்திகள் எஞ்சியுள்ளன. முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் பணி செய்திருந்தால்தான் ஊதிய விடுப்புக்குத் தகுதி உண்டு. பேற்றுக்கு முந்தைய வாரங்களுக்கான தொகையை, கருவுற்றதற்கான சான்றைக் காட்டியதும் முன்கூட்டியே பெறலாம். எஞ்சியது பேற்றுச் சான்று அளித்த 48 மணி நேரத்திற்குள் வழங்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றில் 'இரட்டைச் சூல்' என்பதையும், மருத்துவர் எதிர்பார்க்கும் பேறு வாரத்தையும் குறிப்பிடச் செய்வது பயன் தரும். இரட்டையர் பிறந்தபின் அவள் சட்டத்தின் பார்வையில் இரு குழந்தைகளின் தாய். மீண்டும் கருவுற்றால் அப்போது கிடைக்கும் விடுப்பு 12 வாரம் மட்டுமே, அதில் பேற்றுக்கு முன் எடுக்கத்தக்கது 6 வாரம்.