தேராது தெளிதல்: நம்பிக்கையின் பிறப்பும் பிழையும்

மனிதன் நேரிற் கண்டு அறிந்தவை சில. பிறர் சொல்லக் கேட்டு நம்பியவை பல. பூமி கதிரவனைச் சுற்றுவதை நம்முள் எவரும் கண்டதில்லை. கிருமி நோயை விளைப்பதை உருப்பெருக்கியினூடாக நோக்கி உறுதிசெய்தோரும் மிகச் சிலரே. எனினும் இவற்றை உண்மையெனக் கொண்டே நாம் வாழ்கிறோம். அவ்வாறு கொள்வது தவறுமன்று. ஒருவன் தன் வாழ்நாளிற் சோதித்து அறியக்கூடியது, அவனுக்குத் தேவையான அறிவில் ஒரு சிறு கூறேயாகும். எஞ்சியதைச் சமுதாயமே அவனுக்கு வழங்குகிறது. ஆதலால் நம்பிக்கையைத் தனிமனித மனத்தின் நிகழ்ச்சியாக மட்டும் நோக்குவது போதாது. அது ஒரு சமுதாய உறவுமாகும். யாரை நம்புகிறோம் என்பதே, பெரும்பாலும், எதை நம்புகிறோம் என்பதை முடிவுசெய்கிறது.

இவ்வுண்மையை மறந்து, பிழையான நம்பிக்கை கல்லாதாரின் குறை எனத் தள்ளிவிடும் போக்குக் கற்றோரிடையே உண்டு. சரியான நம்பிக்கை வந்தடையும் வழியாலேயே பிழையானதும் நம்மை வந்தடைகிறது. அப்பிழை திருந்துமா, நிலைக்குமா என்பது, அதன் விலையை எவர் செலுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. இவ்விரு கருத்துக்களையும் கிழக்கிலங்கையின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறோம்.

மணிமேகலை காட்டும் பிழைகள்

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தேழாவது காதையிலே, வஞ்சி மாநகரில் தன் கொள்கையை எடுத்துரைக்கும் அளவைவாதி, அறிவு பெறும் நெறிகளாகிய அளவைகளைக் கூறியதோடு அமையாது, அளவைபோலத் தோன்றி மயக்குவனவாகிய எட்டினையும் வகுத்துரைக்கிறான். பிரமாண ஆபாசங்கள் எனப்படும் அவ்வெட்டனுள் ஐந்து நம் பொருளுக்கு நேரே உதவுவன. இப்பியை வெள்ளியெனக் கொள்வதுபோல ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளுதல் திரியக்கோடல். வெளியில் நிற்பது தறியோ மனிதனோ எனத் துணியமாட்டாது தடுமாறுதல் ஐயம். ஆராயாமலே அத்தறியை மனிதன் என முடிவுசெய்தல் தேராது தெளிதல். கொடிய புலியைக் கண்டும் அதன் வரவை அறியாதிருத்தல் கண்டுணராமை. இவர் உன் தாய், இவர் உன் தந்தை எனப் பிறர் சொல்லக் காரணமின்றி ஏற்றல் நினைப்பு.

இப்பாகுபாட்டில் இரண்டு சிறப்புக்கள் நோக்கற்பாலன. முதலாவது, நினைப்புக்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு. தாய்தந்தையரை நாம் யாவரும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தோம். அந்நம்பிக்கை பெரும்பாலும் உண்மையுமாகும். நம்பிய பொருள் உண்மையாயிருப்பது வேறு, அதனை நம்புதற்கு ஆதாரம் இருப்பது வேறு என்ற நுட்பம் இங்கே உணர்த்தப்படுகிறது. இரண்டாவது, ஆராயாத் துணிவோடு ஐயமும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. எதையும் நம்பாதிருத்தல் அறிவாகாது. தறியோ மனிதனோ என்று தடுமாறி நிற்பவன் செய்யவேண்டியது அருகிற் சென்று பார்ப்பதே.

வயற்காவலனின் கணக்கு

ஆயினும் அருகிற் சென்று பார்த்தல் எப்போதும் இயல்வதில்லை. கல்முனைக்கு மேற்கே, வயல்கள் சூழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம் சொறிக்கல்முனை. திருச்சிலுவைத் திருத்தலத்தால் அறியப்பட்ட ஊர் அது. அம்பாறை மாவட்டத்தின் வயற்புறங்களிற் காட்டு யானைகளின் தொல்லை அறியாத விவசாயி அரிது. கதிர் முற்றிய காலத்தில் அத்தகைய வயலொன்றிற் காவலிருக்கும் ஒருவனை எண்ணிப்பார்ப்போம். இருளில் ஏதோ அசைகிறது. காற்றில் ஆடும் மரக்கிளையை யானை என்று கொண்டால், அவன் இழப்பது சிறிது நேர உறக்கம். யானையை மரக்கிளை என்று கொண்டாலோ, இழப்பது உயிர். ஆகவே நூறு முறை வீணாக அஞ்சுவதும் அவனுக்கு இலாபமே. இல்லாத ஆபத்தை உண்டென நம்ப மனிதமனம் விரைவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை எனலாம். நம் முன்னோர் பிழைத்திருந்ததும் இக்கணக்கினாலேயே.

இக்கணக்கில் மறைந்துள்ள நிபந்தனையொன்று உண்டு. வீணாக அஞ்சியதன் விலையைக் காவலன் தானே செலுத்துகிறான். விடிந்ததும் கிளையைக் காண்கிறான். தன்னைத் தானே நகைத்துக்கொள்கிறான். இருளில் அசைந்தது யானையாகவோ கிளையாகவோ இல்லாமல், அயலூர் மனிதனாக இருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. அப்போது வீணாக அஞ்சியவனுக்கு இழப்பில்லை. அவனது அச்சத்தின் விலையை அஞ்சப்பட்டவன் செலுத்துகிறான். தனக்கு இழப்புத் தராத பிழையைத் திருத்திக்கொள்ளும் அவசரம் எவருக்கும் இருப்பதில்லை.

அம்பாறை, 2018

இதற்கு நம் மாவட்டமே சான்று. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, பெரும்பான்மையாகச் சிங்களவர் வாழும் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்திற் பரிமாறப்பட்ட கறியிலே ஒரு கட்டி காணப்பட்டது. அது சிங்களவரை மலடாக்குதற்குக் கலக்கப்பட்ட மாத்திரை என்று உண்டவர்கள் குற்றஞ்சாட்டினர். சூழ்ந்து நின்று வினவியோருக்கு, சிங்களம் சரிவரத் தெரியாத உணவகத்தார் ஒருவர் அச்சத்தில் ஆம் என்னும் பொருள்பட விடையளித்தார். அக்காட்சி காணொளியாக முகநூலிற் பரவியது. உணவகமும் நகரின் பள்ளிவாசலும் அன்றிரவே தாக்கப்பட்டன. மார்ச் மாதத் தொடக்கத்திற் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் வன்செயல் மூண்டபோது, அதன் உடனடிக் காரணம் வேறாயினும், இந்த மாத்திரைக் கதையும் உடன் பரவியிருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

கட்டியைச் சோதித்த அரச பகுப்பாய்வாளர், அது மாவுக் கட்டியே என அறிக்கையிட்டார். உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கவல்ல மாத்திரை எதனையும் மருத்துவ உலகம் அறியாது. மாவை மாத்திரையாகக் கொண்டது திரியக்கோடல். சோதனைக்குக் காத்திராமல் முடிவுகட்டியது தேராது தெளிதல். பலர் சொன்னதனால் ஏற்றது நினைப்பு. மணிமேகலை கூறும் பிழைகளுள் மூன்று ஓரிரவில் ஒருங்கே நிகழ்ந்தன.

ஆயினும் ஒரு மாவுக் கட்டி தானாகவே மாத்திரையாவதில்லை. முஸ்லிம்களின் தொகை பெருகிச் சிங்கள இனம் அருகிவருகிறது என்ற பிரசாரம் அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக நடத்தப்பட்டு வந்தது. குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கைச் சோனகரின் விகிதம் 1981இல் ஏறத்தாழ 7 ஆகவும் 2012இல் 9.3 ஆகவும் இருந்தது. பிரசாரத்தினுள் இருந்த உண்மைத்துணுக்கு இதுவே. அதே காலத்திற் சிங்களவரின் விகிதமும் 74.0இலிருந்து 74.9 ஆக உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை. அந்த இரண்டாவது எண்ணை எவரும் நாடிச் செல்லவில்லை. மனம் முன்னரே ஆயத்தமாயிருந்தது. கட்டி பின்னர் அகப்பட்டது.

திருத்தம் ஏன் தோற்கிறது

நாடிச் செல்லாமைக்குக் காரணம் யாது? பீற்றர் வேசன் என்னும் உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனையொன்று இதற்கு ஒளிதருகிறது. 2, 4, 6 என்னும் வரிசை ஒரு விதிக்கு அமைந்தது என அவர் மாணவர்க்குக் கூறினார். அவர்கள் தாமும் மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து அவ்விதியைக் கண்டறிதல் வேண்டும். பலர் இரண்டிரண்டாகக் கூடும் எண்களே விதி என எண்ணி, அதற்கு இசைந்த வரிசைகளையே மீண்டும் மீண்டும் சொல்லி, ஒவ்வொரு முறையும் சரியென்ற விடை பெற்று, உறுதிகொண்டனர். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே. இருபத்தொன்பது பேருள் ஆறு பேர் மட்டுமே பிழையான முடிவு எதனையும் கூறாது விதியை அடைந்தனர். தம் கருத்துப் பொய்யாகக்கூடிய எண்களையும் சொல்லிப் பார்க்கும் வழக்கம் அந்த ஆறு பேரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. தன் கருத்துக்கு ஆதரவு தேடுவது நமக்கு இயல்பாக வருகிறது. அதற்கு மாறானதைத் தேடுவது பயிற்சியால் மட்டுமே வருவது.

மீண்டும் மீண்டும் கேட்டலின் வலிமையும் இத்துடன் சேர்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மூவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், முன்னர் கேட்ட கூற்றுக்களை மாணவர்கள் புதியனவற்றைக் காட்டிலும் உண்மையென மதிப்பிட்டனர். காதுக்குப் பழகியது மனத்துக்கு மெய்யாகிறது. இதனாற்போலும், பகுப்பாய்வாளரின் அறிக்கைக்குப் பின்னரும் மலடாக்கற் கதை மாயவில்லை. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களால் நாடு அதிர்ந்திருந்த 2019 மேயில், குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் எனப் பத்திரிகையொன்று எழுதியது. நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்தனர். அவர்களைப் பொய்யர் எனக் கொள்ளவேண்டியதில்லை. விளக்கமற்றிருந்த ஒரு துயருக்கு விளக்கம் கிடைத்தபோது அவர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது.

கற்றோரின் பிழை

இவையெல்லாம் கும்பலின் பேதைமை என்பாருக்கு 2020 மறுமொழியாக அமைந்தது. கொவிட் தொற்றினால் இறந்தோரை அடக்கஞ் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருந்தும், அடக்கத்தினால் நிலத்தடி நீர் மாசுறும் என்ற கருத்தை முன்வைத்து, இலங்கை அரசு அவ்வாண்டு ஏப்பிரலில் எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. அக்கருத்துக்குத் துணைநின்றோர் கும்பலினர் அல்லர், நிபுணர்கள். தடை நீங்கியது 2021 பெப்ரவரி இறுதியில். கிழக்கின் ஓட்டமாவடியில் மார்ச்சில் அடக்கங்கள் தொடங்கின. அரசின் மன்னிப்புக் கோரலுக்கு அமைச்சரவை இசைந்ததோ 2024 ஜூலையிலேயே. உலகின் பல நாடுகளில் அடக்கம் தடையின்றி நடைபெற்று வருகையில், இப்பிழை திருந்தப் பத்து மாதங்களுக்கு மேலானது ஏன்? வயற்காவலனின் கணக்கே இங்கும் விடையாகிறது. ஆணை பிறப்பித்தோர் தம் பிள்ளைகளின் உடலை நெருப்புக்கு ஒப்புக்கொடுத்துக் கலங்கியவரல்லர்.

செவிவழிச் செய்தியின் மறுமுகம்

அவ்வாறாயிற் பிறர் வாய்ச்சொல்லை முற்றாக ஒதுக்கலாமா? நம் கடற்கரையின் மற்றொரு நினைவு இதனை மறுக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அலை வடிந்து வெளிப்பட்ட கடற்றரையை வியப்போடு பார்க்கச் சென்றோர் பலரை அடுத்த அலை எடுத்துக்கொண்டது. அவர்கள் கண்ணாற் கண்டது உண்மையே; அதன் பொருளை உரைக்கும் சொல் அவர்களிடம் இருக்கவில்லை. கண்டுணராமை என்பது இதுவே. அதே நாளில் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த இந்தோனேசியாவின் சிமெலூ தீவில், ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தோர் எழுவர் எனப்படுகிறது. 1907இன் பேரலையில் தப்பியோர் ‘ஸ்மோங்’ என்னும் சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் விட்டுச்சென்றிருந்தனர். நிலம் வலுவாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள்.

சிமெலூ மக்களும் பிறர் சொல்லையே நம்பினர். அம்பாறைக் கும்பலும் பிறர் சொல்லையே நம்பியது. முன்னதன் தோற்றுவாயில் நேரிற் பட்டறிந்தோர் இருந்தனர். அச்சொல் பொய்த்தாலும் இழப்பு, வீணாக மேடேறிய களைப்பு மட்டுமே. அதனையும் ஓடியவரே தாங்குவர். பின்னதில் பட்டறிந்தவர் எவருமிலர். சோதிக்கத்தக்க பொருள் கையிலிருந்தும் சோதிக்கப்படவில்லை. பொய்த்தபோது எரிந்தது பிறர் கடை. ஆகவே ஒரு செய்தியை ஏற்குமுன் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று எனக் கருதுகிறோம். இதனை முதலில் அறிந்தவர் எவ்வாறு அறிந்தார்? இது பொய்யாயின் அதனை எது காட்டும்? பொய்யாயின் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? விலை செலுத்துபவர் நாமல்லாத பிறராயின், நம் துணிவைப் பன்மடங்கு ஐயுறுதல் தகும்.

நம்மை நோக்கி

இவ்வினாக்களைப் பேரினவாதத்தை நோக்கி மட்டும் எழுப்பி அமைவது நேர்மையாகாது. சொறிக்கல்முனையும் வீரமுனையும் சம்மாந்துறையும் வயலால் அயலானவை. தமிழே யாவருக்கும் தாய்மொழி. இவ்வயலுறவின்மீது 1985 ஏப்பிரலின் காரைதீவு வன்செயலும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் நிகழ்ந்த படுகொலைகளும் ஆறாத வடுக்களாக உள்ளன. அவ்வடுக்கள் கற்பனையல்ல. அவை உண்மையாதலாலேயே, அவற்றின்மேல் ஏற்றிச் சொல்லப்படும் புதிய பொய்களும் உண்மைபோல ஒலிக்கின்றன. ஒரு காணி விற்பனை, ஒரு பிரதேச எல்லை, ஒரு காதல் மணம் என எதுவும் திட்டமிட்ட சதியின் பகுதியாக அயலூரில் விளக்கம் பெறுவதை இருபுறத்தும் கேட்கிறோம். கேட்பதோடு நில்லாமற் பகிர்ந்தும் வருகிறோம். நம் தரப்பிலிருந்து வரும் வதந்தி நமக்கு வதந்தியாகத் தோன்றுவதில்லை, செய்தியாகவே தோன்றுகிறது.

இதற்குத் தனிமனித நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது. சோதனைக்குட்படாத சொல் ஊரைக் கடக்குமுன் அயலூரானிடமே சென்று கேட்கக்கூடிய உறவுகள் நிலைத்திருத்தல் வேண்டும். ஒருவரின் மொழி மற்றவருக்கு விளங்குதலும் வேண்டும். அம்பாறை உணவகத்தில் அன்றிரவு வினாவை விடையளித்தவருக்கு விளங்கச்செய்ய ஒருவர் இருந்திருப்பின், அந்த ‘ஆம்’ பிறந்திராது. தறியோ மனிதனோ என்று ஐயுற்றவன் அருகிற் செல்லுதல் வேண்டும் என்றோம். கிழக்கிலே அருகில் என்பது பெரும்பாலும் ஒரு வயல்வரம்பின் தொலைவே. அத்தூரத்தை நடப்பதற்கு முன் முடிவுகட்டாதிருத்தல், கற்றோராகிய நமக்கே முதற்கடனாகும்.