‘சேஸ்’ என்னும் சொல்: ஓடுவது யார்?

ஆங்கிலத்தில் ‘சேஸ்’ என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் யாதென மாணவரை வினவினால், ‘துரத்துதல்’ என்று ஒரே குரலில் விடை வரும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கற்பித்து வந்தோம். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்து பயிலும் மாணவன் ஒருவனே நம்மைத் திருத்தினான்.

மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றில், வயலுக்குள் புகுந்த யானையை உழவர்கள் ‘சேஸ்’ செய்ததாக ஒரு வாக்கியம் இருந்தது. அவன் ‘யானையைக் கலைத்தார்கள்’ என்று எழுதியிருந்தான். அது வெறும் பேச்சு வழக்கென்று கருதி, சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘துரத்தினார்கள்’ என்று மேலே எழுதினோம். ஒரு புள்ளியும் குறைத்தோம்.

அவன் தயங்கியபடி எழுந்தான்.

“சேர், துரத்துறதெண்டா பின்னால ஓடவேணும். ஆனைக்குப் பின்னால ஆர் சேர் ஓடுற? நாங்க நிண்ட இடத்தில நிண்டு வெடி போட்டுக் கலைக்கிற.”

வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. வெள்ளாமை விளையும் காலத்தில் இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை அவன். யானை வெடியின் ஓசையை அவன் அறிவான்; நாம் அறிந்தது அகராதி மட்டுமே.

அன்றிரவு அச்சொல்லை மீண்டும் ஆராயப் புகுந்தோம். ‘சேஸ்’ என்பதும், பிடித்தலைக் குறிக்கும் ‘கெட்ச்’ என்பதும் உடன்பிறந்த சொற்கள். இலத்தீன் மூலம் ஒன்றே. பிரெஞ்சு மொழியின் இருவேறு வட்டார வழக்குகளின் வழியாக அவை ஆங்கிலத்தை அடைந்தன. பொருள் வாங்குதலைக் குறிக்கும் ‘பேர்ச்சேஸ்’ என்பதும் இக்குடும்பத்ததே. ஒன்றைப் பெறுவதற்காக அதன் பின்னே அலைதல் என்பதே அதன் பழைய பொருள். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் கடைத்தெருவில் அலையும் நம் இல்லத்தரசியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

இனி, ஓடுவது யார் என்று நோக்குவோம். நாய் முயலை ‘சேஸ்’ செய்யும்போது இரண்டும் ஓடுகின்றன. உழவன் யானையை ‘சேஸ்’ செய்யும்போது யானை மட்டுமே ஓடுகின்றது. கிரிக்கெட்டிலோ இலக்கு அசையாது நிற்க, துடுப்பாட்ட வீரரே ஓடுகின்றனர். 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் பெற்றது. அதனை ‘சேஸ்’ செய்த இலங்கை அணி, மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து 245 ஓட்டங்கள் எடுத்து வாகை சூடியது. ஆங்கிலேயர் வீண் அலைச்சலைக் ‘காட்டு வாத்தின் பின் ஓடுதல்’ என்பர். அங்கே ஓடுபவர் உண்டு. அகப்படுவது எதுவும் இல்லை.

இத்தனைக்கும் ‘துரத்துதல்’ என்ற ஒரு சொல் போதுமா? ஓட்டிவிடுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. எனினும் அதைக் கேட்டவுடன் மனக்கண்ணில் தோன்றுவது பின்னால் ஓடும் காட்சியே.

தமிழ்நாட்டில் ‘கலைத்தல்’ என்றால் கூடியிருப்பதைப் பிரித்தல். கூட்டத்தைக் கலைப்பர், சட்டசபையைக் கலைப்பர். ஈழத்தவராகிய நமக்கோ அப்பொருளோடு ஓடச் செய்தல் என்ற பொருளும் உண்டு. ஓடியும் கலைக்கலாம்; நின்றும் கலைக்கலாம். வயலில் குருவியைக் கலைப்பது அது அகன்று போவதற்கு. வாவியில் தோணியிலிருந்து நீரைத் தடியால் அடித்து மீனைக் கலைப்பது அது வலையில் விழுவதற்கு. விலக்குவதற்கும் பிடிப்பதற்கும் ஒரே சொல்! ‘சேஸ்’ என்பதற்கு இதைவிட நெருங்கிய தமிழை எங்கே தேடுவது?

ஆதலால் மொழிபெயர்க்கும் மாணவர் அகராதியைத் திறக்குமுன் காட்சியைக் காண வேண்டும். ஓடுவது யார், நிற்பது யார், பிடிப்பதற்கா, விலக்குவதற்கா என்று கேட்டுக்கொண்டால் தக்க சொல் தானே வரும்.

மறுநாள் அம்மாணவனின் கொப்பியை வாங்கி, நாம் அடித்த கோட்டின் மேல் ‘சரி’ என்று எழுதி, குறைத்த புள்ளியையும் கொடுத்தோம். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டபோது, அந்த ஒரு புள்ளி அவனுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது என்பது விளங்கிற்று.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளையின் வாயில் வரும் ஊர்ச்சொல்லைக் கொச்சை என்று கலைத்துவிடாதீர்கள். கலைத்த யானை மறு இரவே திரும்பி வரும். கலைத்த சொல் திரும்பி வருவது அரிது.