மூச்சின் கடைசி மில்லிமீட்டர்

நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை. இழுக்கிற தசை அதற்குக் கிடையாது. அடியில் இருக்கும் உதரவிதானம் கீழிறங்க, மார்புக்கூடு விரிய, உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். வெளிக்காற்று தானே நுழையும். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர்.

மூக்கில் காற்று சூடேறி, ஈரமாகி, தூசியைச் சளியில் விட்டுவிட்டு இறங்குகிறது. தொண்டையில் சோற்றுக்கும் அதற்கும் ஒரே வழி. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி கவிழ்ந்து மூச்சுப்பாதையை மறைக்கும். பேசிக்கொண்டே சாப்பிட்டால் இந்த ஏற்பாடு பிசகிப் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். காப்பாற்றுவது என்னவோ இருமல்தான். அதையும் மீறி உள்ளே போன நிலக்கடலை பெரும்பாலும் வலப்பக்கம் சிக்கும். மூச்சுக்குழாயின் வலது கிளை இடதைவிட அகலம், செங்குத்தும்கூட.

அதன்பின் கிளைக்குள் கிளையாகச் சுமார் 23 முறை பிரிகிறது. குழாய்கள் சிறுத்தாலும் எண்ணிக்கை பெருகுவதால் மொத்த அகலம் கூடி, காற்றின் வேகம் தளர்ந்துகொண்டே வரும். கடைசிச் சில மில்லிமீட்டரில் காற்று ஓடுவதே இல்லை. ஆக்சிஜன் மூலக்கூறுகள் பரவித்தான் நுண்ணறைகளைச் சேர்கின்றன. அரை லிட்டரில் 150 மில்லி இவ்வளவு தூரம் வராமல் குழாய்களோடு நின்று திரும்பிவிடும்.

நுண்ணறைகள் முப்பது கோடிக்கு மேல். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இராது. உட்சுவரில் படர்ந்த ஈரம், நீர்த்துளி தன்னைக் குறுக்கிக்கொள்வதுபோல, அறையைச் சுருட்டிவிடப் பார்க்கும். சுருளவிடாமல் காப்பது அந்தச் சுவரிலேயே சுரக்கும் கொழுப்புப் பூச்சு. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அது போதுமான அளவு ஊற ஏறத்தாழ 35 வாரம் ஆகும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது இந்தப் பூச்சு இல்லாமல்தான் என்று 1959-இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி காட்டினார். காரணம் தெரிந்ததே தவிர, கையில் மருந்தில்லை. 1963 ஆகஸ்டில் அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து அந்தப் பூச்சைப் பிரித்தெடுத்து, 10 குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்த விவரத்தை 1980-இல் வெளியிட்டார். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இன்று அது வழக்கமான சிகிச்சை. ஊசியாகவோ சொட்டு மருந்தாகவோ அல்ல. மெல்லிய குழாய் வழியாக நேரே மூச்சுக்குழாய்க்குள் விடுகிறார்கள்.